உங்கள் சிக்னல், பக்கத்து வீட்டின் இரைச்சல்: வாசகர் கேள்வி – பதில்

வைஃபை, மைக், சென்சார், ஏலம், விமானம் என்று இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே காற்றைப் பல பேர் பங்குபோட்டுக்கொள்வது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். அலைவரிசை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எண் வரும் இடத்தில் அது எந்த நாட்டு விதி என்பதையும் சொல்லியிருக்கிறோம். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போனைத் திறந்தால் பதினைந்து வைஃபை பெயர்கள் தெரிகின்றன. எல்லோரும் 1, 6, 11 ஆகிய சேனல்களில்தான் நெரிகிறார்கள். 3-ஆம் சேனல் காலியாகக் கிடக்கிறது. நான் அங்கே போய்விடலாமா?

பதில்: போகாதீர்கள். 3 காலியாகத் தெரிவது வெறும் தோற்றம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வைஃபை சிக்னலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3-ஆம் சேனலின் மையம் 2422. அப்படியானால் நீங்கள் 2412 முதல் 2432 வரை உட்காருகிறீர்கள். சேனல் 1-இல் இருப்பவர் 2402 முதல் 2422 வரை, 6-இல் இருப்பவர் 2427 முதல் 2447 வரை. இரண்டு பேர் மீதும் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஒரே சேனலில் நெரிவதைவிட இது மோசம். காரணம் இதுதான். வைஃபை கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். தன் சேனலிலேயே இன்னொரு வைஃபையின் தொடக்கக் குறி காதில் விழுந்தால், அது மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெல்லியது) அளவுக்கு மெல்லியதாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். பாதி மேலேறிய பக்கத்துச் சேனலின் பேச்சு அதற்கு மொழியாகக் கேட்காது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். இரைச்சலுக்காகக் காத்திருக்க வேண்டிய வரம்பு மைனஸ் 62 டிபிஎம். இடையில் 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு. இந்த இடைவெளிக்குள் விழும் எல்லா மோதலிலும் இரண்டு தரப்பும் மரியாதை பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்று பேசும், இரண்டும் கெடும். ஒரே சேனலில் இருப்பவர்கள் வரிசையில் நிற்பவர்கள். 3-ஆம் சேனல்காரர் வரிசைக்கு வெளியே நின்று கத்துபவர்.

1, 6, 11-இல் ஒன்றையே எடுங்கள். எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று எண்ணித் தேர்வு செய்ய வேண்டாம். மாலை நேரத்தில் எந்தச் சேனல் எத்தனை சதவீதம் பேச்சில் இருக்கிறது என்று பாருங்கள். சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்திலேயே அது தெரியும். அகலத்தை 20-இலேயே வையுங்கள். 40 என்று மாற்றினால் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் உள்ள பட்டையில் பாதியை ஒரே ஆள் விழுங்குவதாகும். பெரும்பாலும் வேகமும் ஏறாது.

பெயர்களும் ஒரு சுமைதான். ஒவ்வொரு வைஃபை பெயரும் நொடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு 300 பைட் என்று வையுங்கள். பழைய 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.6 மில்லிவினாடி ஆகும். ஒரு பெயருக்கே நேரத்தில் 2.5 சதவீதம் போய்விடுகிறது. உங்கள் பதினைந்தும் மூன்று சேனல்களில் சமமாகப் பரவியிருந்தால்கூட ஒவ்வொரு சேனலிலும் எட்டில் ஒரு பங்கு நேரம், யாரும் ஒரு பைட் தரவும் அனுப்பாமலே தீர்ந்துவிடும். ரவுட்டரில் குறைந்தபட்ச வேகத்தை 6 எம்பிபிஎஸ் ஆக்கினால் அதே அறிவிப்பு 0.42 மில்லிவினாடியில் முடியும். விருந்தினருக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று நான்கு பெயர் வைத்திருந்தால் இரண்டாகக் குறையுங்கள். மிகப் பழைய கருவி ஏதாவது இந்த மாற்றத்தால் இணைப்பை இழக்கலாம். அதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பழைய கருவி வீட்டின் மொத்த வைஃபையையும் மெதுவாக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. வைஃபை வாய்ப்பைச் சமமாகப் பங்கிடுகிறது, நேரத்தைப் பங்கிடுவதில்லை. ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 வரை ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை நொடித் துணுக்குகள் காத்திருந்து பேசத் தொடங்கும். மோதல் நடந்தால் குலுக்கலின் எல்லை 31, 63 என்று விரிந்து 1023 வரை போகும். ஆனால் முறை வந்தபின் எவ்வளவு நேரம் பேசுவது என்பது அந்தக் கருவியின் வேகத்தைப் பொறுத்தது. 1500 பைட் பொட்டலத்தை 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பக் கால் மில்லிவினாடிக்கும் குறைவாகவே ஆகும். அதையே 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 12 மில்லிவினாடி. இரண்டும் ஆளுக்கு ஒரு முறை பேசின. ஆனால் ஒன்று ஐம்பது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. கருவி பழையதாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கடைசி அறையில் சுவர்களுக்குப் பின்னால் வைத்த புதிய போனும் வேகத்தை இறக்கிக்கொண்டு இதே தொல்லையைத் தரும்.

கேள்வி: ரவுட்டரின் பவரை உச்சத்தில் வைத்தால் தீராதா?

பதில்: போன் பதில் சொல்ல வேண்டுமே. ரவுட்டர் கத்தினால் போனுக்குக் கேட்கும். போனின் மெல்லிய குரல் ரவுட்டருக்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் திறக்காது. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கவே 6 டெசிபெல் வேண்டும். கூடுதல் சத்தம் அக்கம்பக்கத்து ரிசீவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

வெளி ஆன்டெனா மாட்டுபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் என்ற வரம்பு ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்துத்தான். 9 டெசிபெல் ஆன்டெனா மாட்டினால் ரவுட்டரை 11 டிபிஎம்முக்கு இறக்க வேண்டும். கூடுதல் பவருக்காக ரவுட்டரின் நாட்டுக் குறியீட்டை மாற்றி வைப்பது இன்னும் தப்பு. உங்கள் நாட்டில் வேறொருவருக்குக் கொடுத்த அலைவரிசையில் போய் உட்கார நேரும்.

கேள்வி: எங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சில நேரம் தானாகவே காணாமல் போகிறது. ஒரு நிமிடம் கழித்து வேறு சேனலில் வருகிறது. ரவுட்டர் பழுதா?

பதில்: பழுது இல்லை, சொன்னபடி கேட்கிற ரவுட்டர். 5250 – 5350, 5470 – 5725 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் ரேடார்களுக்குத்தான் முதல் உரிமை. 2003-இல் நடந்த உலக வானொலி மாநாட்டில் வைஃபைக்கும் அங்கே இடம் கிடைத்தது, ரேடார் வந்தால் விலக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்கான ஏற்பாட்டின் பெயர் டிஎஃப்எஸ். அந்தப் பகுதியில் ஒரு சேனலைத் தொடங்குமுன் ரவுட்டர் 60 நொடி பேசாமல் கேட்கும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இருக்கும் 5600 – 5650 பகுதிக்கு அது பத்து நிமிடம். நடுவில் ரேடார் துடிப்பு கேட்டால் பத்து நொடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது. காணாமல் போன அந்த ஒரு நிமிடம் புதிய சேனலில் காது கொடுத்த நேரம்.

அருகில் ரேடாரே இல்லாவிட்டாலும் இது நடக்கும். பக்கத்து ரவுட்டரின் உடைந்த துடிப்பை ரேடார் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. ரவுட்டரின் பதிவேட்டில் 'ரேடார் கண்டறியப்பட்டது' என்று ஒரே சேனலில் அடிக்கடி வந்தால் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களுக்கு மாறுங்கள். அங்கே இந்தக் காத்திருப்பு கிடையாது. எரிச்சலில் டிஎஃப்எஸ்ஸை அணைக்கும் மாற்று மென்பொருளைத் தேடாதீர்கள். 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் குறுக்கீடு வந்தபோது, ஆராய்ந்ததில் காரணமாக அகப்பட்டவை வெளியில் நிறுத்தியிருந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்புக் கருவிகள். ரேடார் படத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு ஆரக்கால்போலக் கோடு விழும். அந்தத் திசையில் மழை இருக்கிறதா இல்லையா என்று படிக்க முடியாது. கோடு காட்டும் திசையிலேயே போனால் குற்றவாளியின் ஆன்டெனா நிற்கும் என்பது மட்டும்தான் இதில் ஒரே வசதி.

கேள்வி: மேடையில் மூன்று வயர்லெஸ் மைக் வைத்திருக்கிறோம். 520.0, 520.4, 520.8 மெகாஹெர்ட்ஸ் என்று ஒழுங்காகச் சம இடைவெளி விட்டிருக்கிறோம். தனித்தனியாகப் போட்டால் சுத்தமாக இருக்கிறது. மூன்றையும் போட்டால் கரகரக்கிறது. ஏன்?

பதில்: அந்த ஒழுங்குதான் காரணம். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் நெருங்கி இருந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதன் பெருக்கிக்குள் நுழைந்து, யாரும் அனுப்பாத புதிய அலைவரிசைகள் பிறக்கும். ஒரு அலைவரிசையை இரட்டித்து இன்னொன்றைக் கழிக்க வருவது முக்கியமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 520.4-ஐ இரட்டித்து 520.0-ஐக் கழித்தால் 520.8, உங்கள் மூன்றாவது மைக். 520.8-ஐக் கழித்தால் 520.0, முதல் மைக். முதலையும் மூன்றையும் கூட்டி இரண்டாவதைக் கழித்தால் 520.4. மூன்று மைக்கும் சேர்ந்து மூன்றையும் கெடுக்கின்றன.

எந்த இரண்டு மைக்குகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் இன்னொரு ஜோடியின் இடைவெளியோடு ஒத்துப்போகக் கூடாது. 520.0, 520.4, 521.2, 522.8 என்று நான்கு போடுங்கள். இடைவெளிகள் 0.4, 0.8, 1.6, 1.2, 2.4, 2.8, ஆறும் வேறு வேறு. மைக்குகள் கூடக்கூட இது கையால் போடும் கணக்கு அல்ல, தயாரிப்பாளர்கள் தரும் மென்பொருளை நம்பலாம்.

சரிபார்க்கும் முறை: எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரால் ஸ்கேன் செய்து டிவி நிலையங்கள் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மைக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், போட்டதை அணைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இன்னும் போடாத மைக்கின் ரிசீவர் மீட்டரைப் பாருங்கள். தன் மைக் அணைந்திருக்கும்போதே முள் எழுந்தால் அங்கே ஒரு போலி பிறந்திருக்கிறது. அந்த அலைவரிசையை மாற்றுங்கள். பயன்படுத்தாத மைக்குகளை ஆன் செய்தபடி ஒரே பையில் போட்டு வைப்பதுதான் நாம் அதிகம் கேள்விப்படும் தவறு. டிரான்ஸ்மிட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது விலகி இருக்கட்டும். ரிசீவர் ஆன்டெனா மேடையை நேராகப் பார்க்கட்டும். தரையில், ரேக்கின் பின்பக்கம் வேண்டாம்.

பழைய மைக் வாங்குபவர்களுக்கு: வயர்லெஸ் மைக் பல நாடுகளில் டிவி அலைவரிசைகளின் இடைவெளியில் ஒண்டுக் குடித்தனம்தான். வீட்டுக்காரர் மாறினால் கிளம்ப வேண்டும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டை செல்பேசிக்கு ஏலம் போனதும் 617 – 652, 663 – 698 பகுதிகளில் 2020 ஜூலை 13-க்குப் பிறகு மைக்குகளுக்குத் தடை வந்தது.

கேள்வி: ஒரு வளாகத்தில் 100 லோரா சென்சார்கள் (குறைந்த பவரில் தொலைவுக்குச் சிறு செய்தி அனுப்புபவை) வைத்திருக்கிறோம். 868 மெகாஹெர்ட்ஸ், ஒரே சேனல், எஸ்எஃப் 12 (மிக மெதுவாகப் பேசி, மிகத் தொலைவு எட்டும் அமைப்பு). பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி. 1 சதவீத நேர வரம்புக்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் கிட்டத்தட்டப் பாதிச் செய்திகள் வந்து சேரவில்லை.

பதில்: விதிக்குள் இருப்பது வேறு, வந்து சேர்வது வேறு. ஐரோப்பிய விதியின் 1 சதவீதம் என்பது ஒவ்வொரு கருவிக்கும் மணிக்கு 36 நொடி. உங்கள் செய்தி, தலைப்புகளோடு சேர்த்து 33 பைட் என்று வைத்துக்கொள்வோம். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப் 12 என்றால் அது காற்றில் 1.81 நொடி இருக்கும். மணிக்கு ஆறு செய்தி, 11 நொடிக்கும் குறைவு. விதிப்படி சுத்தம்.

ஆனால் இவை நூறு. மொத்தம் மணிக்கு 1086 நொடி. சேனலின் 30 சதவீதம். லோரா சென்சார்கள் வைஃபைபோலக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை. தோன்றியபோது பேசிவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் அமைத்த அலோஹா வலையமைப்பின் வழி இதுதான், அதன் கணக்கும் தெளிவாகத் தெரிந்ததே: உங்கள் செய்தி தப்பிக்க, அது தொடங்குவதற்கு முந்தைய 1.81 நொடியிலும் அடுத்த 1.81 நொடியிலும் வேறு யாரும் தொடங்கியிருக்கக் கூடாது. 30 சதவீதச் சுமையில் அப்படித் தப்பிப்பவை நூற்றுக்கு 55. இந்த வழியில் எப்படி முயன்றாலும் ஒரு சேனலில் மோதாமல் போய்ச்சேரும் நேரம் 18.4 சதவீதத்தைத் தாண்டாது.

முதல் வேலை, எஸ்எஃப் 12-ஐ விடுங்கள். அதே 33 பைட் எஸ்எஃப் 7-இல் 0.072 நொடிதான். சுமை 1.2 சதவீதமாக இறங்கும். நூற்றுக்கு 97-க்கு மேல் வந்து சேரும். எட்டும் தூரம் குறையும். ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 2.5 டெசிபெல் இழப்பீர்கள். ஆனால் நூறு சென்சாரில் உண்மையிலேயே தொலைவில் இருப்பவை சில மட்டும். தானாக வேகம் சரிசெய்யும் வசதியைப் போட்டால் அவை மட்டும் 11, 12-இல் இருந்துகொள்ளும். சென்சார்களின் செய்திகளைக் கேட்டு வாங்கும் கேட்வேயை மூன்று மீட்டர் உயர்த்தி, உலோகக் கூரைக்கு வெளியே வைப்பது இதையெல்லாம்விட அதிகம் தரலாம். இரண்டாவது, மூன்று சேனல்களாகப் பரப்புங்கள். எஸ்எஃப் 12-ஐயே வைத்திருந்தாலும் மூன்று சேனலில் நூற்றுக்கு 82 தப்பும்.

மூன்றாவது, எல்லோரும் செய்கிற பிழை: எல்லா சென்சாரும் 10:00, 10:10, 10:20 என்று கடிகாரம் பார்த்து ஒரே நொடியில் பேசுவது. அப்படியானால் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது, நிலைமை அதைவிட மோசம். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 60 நொடிவரை ஏதாவது ஒரு தாமதத்தைக் குலுக்கிச் சேருங்கள். மின்தடைக்குப் பிறகு எல்லாம் ஒன்றாகக் கண்விழிக்கும் நேரத்துக்கும் இதே மருந்து.

நான்காவது, ஒவ்வொரு செய்திக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலைக் கேட்காதீர்கள். பெரும்பாலான கேட்வேக்கள் பேசும் நேரத்தில் கேட்பதில்லை. அவற்றுக்கும் நேர வரம்பு உண்டு. பதில் தொலைந்தால் சென்சார் திரும்பப் பேசும், சுமை ஏறும், இன்னும் பதில்கள் தொலையும். வெப்பநிலைக்குப் பத்து நிமிடத்தில் இன்னொரு அளவு வரத்தான் போகிறது. தீ எச்சரிக்கைக்கு மட்டும் பதில் கேளுங்கள்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது.

பதில்: யூஎஸ்பி 3-இன் தரவு ஓட்டம் 2.4 ஜிகாஹெர்ட்ஸிலும் இரைச்சலைக் கசியவிடுகிறது. மவுஸின் ரிசீவர் பக்கத்துத் துளையில் இருந்தால் அதன் காதிலேயே கத்துவதுபோல. யூஎஸ்பி 2 நீட்டிப்பு வயரில் ரிசீவரை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், மவுஸ் ஒழுங்காகும்.

கேள்வி: அலைக்கற்றை தீர்ந்துபோகும் பொருளா? இல்லையென்றால் ஏன் ஏலம் விட வேண்டும்? வைஃபைபோல எல்லாவற்றையும் இலவசமாக விட்டுவிடலாமே?

பதில்: தீராது. இன்று பேசி முடித்த அலைவரிசை நாளையும் அப்படியே இருக்கும். பற்றாக்குறை இருப்பது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு ரிசீவர் இரண்டு பேச்சைப் பிரித்துக் கேட்பதில்.

விட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1926-இல் அமெரிக்காவில், நிலையங்களுக்கு அலைவரிசை ஒதுக்கும் அதிகாரம் வணிகத் துறைக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னதும், வானொலி நிலையங்கள் நினைத்த அலைவரிசைக்கும் நினைத்த பவருக்கும் தாவின. கேட்பவர்களுக்கு மிஞ்சியது ஊளைச் சத்தம். 1927-இல் புதிய சட்டம் வந்தது. அதன் பிறகு பல காலம், யாருக்குக் கொடுப்பது என்பதை விண்ணப்பங்களை விசாரித்து அதிகாரிகள் முடிவு செய்தார்கள். 1959-இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ், உரிமையைத் தெளிவாக வரையறுத்து விற்றுவிட்டால் அதிகம் பயன்படுத்தத் தெரிந்தவரிடம் அது போய்ச் சேருமே என்று எழுதினார். அமெரிக்காவின் முதல் அலைக்கற்றை ஏலம் நடந்தது 1994-இல்தான்.

ஏலம் என்று பெயர் வைத்தால் போதாது, விதியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1990-இல் நியூசிலாந்தில், வென்றவர் இரண்டாவது உயர்ந்த விலையைக் கட்டினால் போதும் என்று வைத்தார்கள்; குறைந்தபட்ச விலை வைக்க மறந்தார்கள். 1,00,000 நியூசிலாந்து டாலர் கேட்ட ஒரு நிறுவனம் கட்டியது 6 டாலர்.

எங்கள் கருத்து: நூறு கிலோமீட்டர் பரப்பில் உயர்ந்த பவரில் பேசுபவருக்குத் தனி உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் முதலீடு இன்னொருவர் சுவிட்சில் வீணாகும். சுவரைத் தாண்டாத பேச்சுக்கு உரிமம் கேட்பது அபத்தம். 1947-இல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு 2450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளின் இரைச்சலுக்கென்று ஒதுக்கியது. அந்தக் குப்பைமேட்டில் 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், பரவல் அலை முறையில் (சிக்னலை அகலமான பட்டையில் மெல்லியதாகப் பரப்பி) உரிமமின்றிப் பேசலாம் என்று அனுமதித்தது. வைஃபையும் ப்ளூடூத்தும் முளைத்தது அங்கேதான்.

கேள்வி: ஏலமும் இல்லாமல், இலவசமும் இல்லாமல் நடுவில் வழி உண்டா?

பதில்: உண்டு, எங்கே யார் பேசுகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுப் பேசுவது. அமெரிக்காவில் 3550 – 3700 மெகாஹெர்ட்ஸ் மூன்று அடுக்கு. மேலே கடற்படை ரேடார். நடுவில் ஏலத்தில் எடுத்தவர்கள், ஆளுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாக. கீழே யார் வேண்டுமானாலும். ஒவ்வொரு தளக் கருவியும் தன் இடத்தையும் ஆன்டெனா உயரத்தையும் பதிவு செய்து, அனுமதி பெற்றபின்தான் பேச வேண்டும். கரையோர உணரிகள் கப்பல் ரேடாரைக் கேட்டுவிட்டால் 300 நொடிக்குள் அங்கிருப்பவர்கள் நிறுத்தவோ வேறிடம் போகவோ வேண்டும். அமைப்பவர்கள் சறுக்கும் இடம் அந்தப் பதிவு: ஆன்டெனா உயரத்தைத் தப்பாகக் கொடுத்தால் கணக்கு முழுவதும் தப்பு.

6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையிலும் இதன் சாயல் இருக்கிறது. 2020-இல் அமெரிக்கா 5925 – 7125 முழுவதையும் திறந்தது. ஐரோப்பா 2021-இல் 5945 – 6425-ஐ மட்டும். அமெரிக்க விதியில் உயர் பவர் கருவி நாளுக்கு ஒரு முறையாவது தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் குறைந்த பவர் கருவி கேட்க வேண்டாம். ஆனால் அதற்குக் கழற்றக்கூடிய ஆன்டெனா இருக்கக் கூடாது, பேட்டரியில் ஓடக் கூடாது, மழை தாங்கும் உறையும் கூடாது. வினோதமாகத் தோன்றும். நீங்கள் அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அதே பட்டையில் பேசும் கோபுரங்களுக்கு இடையிலான மைக்ரோவேவ் இணைப்பைக் கெடுக்காமல் தடுக்க இதைவிட மலிவான பூட்டு கிடையாது.

கேள்வி: 5ஜி கோபுரம் தன் அலைவரிசைக்குள்தானே பேசியது? பிறகு ஏன் 2022 தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களுக்குச் சிக்கல் வந்தது?

பதில்: கோபுரங்களுக்கு ஒதுக்கிய பட்டை 3700 – 3980 மெகாஹெர்ட்ஸ். விமானத்தின் உயரம் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4200 – 4400. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. கோபுரம் எல்லை மீறவில்லை. பக்கத்துப் பட்டையில் அமைதிதான் இருக்கும் என்று நம்பி வடிவமைத்த பழைய ஆல்டிமீட்டர்களின் காது மிகவும் அகலம். எல்லைக்கு வெளியிலிருந்து வந்த சத்தமும் உள்ளே நுழைய முடிந்தது. விமான நிலையங்களை ஒட்டிப் பவரைக் குறைத்தார்கள், பிறகு ஆல்டிமீட்டர்களுக்கு ஃபில்டர் போட்டார்கள்.

ஜிபிஎஸ் இதைவிட நொய்ந்த விஷயம். 1575.42 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு வரும் சிக்னல் மைனஸ் 130 டிபிஎம் அளவில்தான். அதன் பக்கத்தில் தரைக் கோபுரம் கட்ட யார் கேட்டாலும் சண்டை வரும். டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கம் பக்கமாக வரம்பு எழுதிய ஒழுங்குமுறைகள் ரிசீவர் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. மலிவான ஃபில்டர் போட்டு மிச்சம் பிடித்தவரின் செலவு பக்கத்துப் பட்டைக்காரர் தலையில் விழுகிறது. இதில் எங்கள் அனுதாபம் கோபுரத்தின் பக்கம். விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மாறும்.

கேள்வி: தேர்வு அறையில் ஜாமர் வைக்கலாமா?

பதில்: தனியார் வைப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். சுவருக்கு அந்தப்பக்கம் அவசர அழைப்புக்குப் போராடுபவரின் போனும் சேர்ந்து சாகும். வாசலில் போனை வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கிருந்தோ இரைச்சல் வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் புகார் செய்வது?

பதில்: முதல் சந்தேகம் உங்கள் வீட்டின் மேலேயே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் ரிசீவரைப் போட்டுக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்ஈடி விளக்கின் டிரைவர், மலிவு சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவைதான் வழக்கமான கைதிகள். நிற்காவிட்டால் வெளியே போங்கள். கையடக்க ரிசீவரை மார்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். உங்கள் உடம்பே மறைக்கும். சிக்னல் மிகவும் தணியும்போது மூலம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் நின்று திசைகளை வரைபடத்தில் கோடாக இழுத்தால் அவை சந்திக்கும் இடத்துக்கு அருகே தேடலாம்.

புகாரில் 'அடிக்கடி இரைச்சல்' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். அலைவரிசை, தேதி, தொடங்கிய முடிந்த நேரம், எத்தனை டெசிபெல் எழுந்தது, எந்த உரிமத்தின் கீழ் நீங்கள் கேட்கிறீர்கள், எந்தத் திசை என்று ஒரு வாரக் குறிப்பு கொடுங்கள். அளவெடுக்கும் வண்டி வரும் நேரத்தில் இரைச்சல் நின்றிருக்கும் என்பது எழுதப்படாத விதி. எந்த நேரத்தில் வர வேண்டும் என்று உங்கள் குறிப்பு சொல்ல வேண்டும். விமானம், மீட்புப் பணி தொடர்பான அலைவரிசை என்றால் முதல் வரியிலேயே சொல்லுங்கள், அதற்கு முன்னுரிமை உண்டு. வைஃபைக்கு இரைச்சல் என்று புகார் செய்தால் எடுபடாது: உரிமமில்லாப் பட்டையில் வரும் குறுக்கீட்டைத் தாங்கிக்கொள்வேன் என்பது அந்தக் கருவியின் அனுமதியிலேயே எழுதியிருக்கும் நிபந்தனை.